கொடைக்கானல் ஏரிச் சாலையில் செவலையுடன் நான்கு ஆண்டுகள்

மதுரையில் வசிக்கும் நாங்கள், 2021ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு இருமுறையாவது எங்கள் சிப்பிப்பாறை நாய் செவலையை அழைத்துக்கொண்டு கொடைக்கானலுக்குச் சென்று வருகிறோம். முதல் பயணத்தில், நாய்க்கு இடமுண்டு என்று தொலைபேசியில் உறுதியளித்த ஒரு விடுதி, நேரில் போனதும் கார் நிறுத்துமிடத்தில் கட்டிப்போடச் சொன்னது. அன்றிரவே வேறிடம் தேடி அலைந்தோம். அதன்பிறகு, அறைக்குள் நாயை அனுமதிப்பதாக எழுத்தில் பெறாமல் நான் முன்பணம் செலுத்துவதில்லை.

இப்போது வழக்கமாகத் தங்கும் விடுதியிலிருந்து ஏரி பத்து நிமிட நடை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை செல்கிறது. பெரும்பாலும் சமதளம் என்பதால் நாயின் கால்களுக்குச் சிரமமில்லை. ஆனால் நேரம்தான் முக்கியம். விடிந்தவுடன் கிளம்பினால் ஏழரை மணிக்குள் சுற்றி முடித்துவிடலாம்; அதற்குப் பின் படகுத்துறை அருகே சவாரிக் குதிரைகளும் வாடகைச் சைக்கிள்களும் சேர்ந்துவிடுகின்றன. வேட்டை நாய் இனம் என்பதால், ஓடுகிற எதையும் துரத்தத் துடிக்கும் செவலையை அந்த நெரிசலில் பிடித்து நிறுத்துவது எளிதன்று.

விடிவதற்கு முன்பும் இருட்டிய பின்பும் நாயுடன் வெளியே செல்லவே கூடாது என்பேன். மலையூர்களில் நாய்களைத் தேடிச் சிறுத்தை வருவதுண்டு. காட்டுமாடுகளோ பகலிலேயே ஊருக்குள் மேய்கின்றன. ஒரு ஜனவரிக் காலையில், மூடுபனிக்குள் நடந்துகொண்டிருந்த செவலை திடீரென நின்றது. காதுகள் பின்னால் மடிந்தன, முதுகு மயிர் சிலிர்த்தது, குரைக்கவே இல்லை. முப்பதடி தொலைவில், முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோல ஒரு காட்டுமாடு சாலையின் குறுக்கே நின்று எங்களைப் பார்த்தது. வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, திரும்பி ஓடாமல், அதைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்ந்தேன். நீண்டு சுருங்கும் வாரை அன்றோடு விட்டுவிட்டேன். ஐந்தடி நீளமுள்ள உறுதியான வார்தான் இங்கே பயன்படும்.

கோக்கர்ஸ் வாக் மலைவிளிம்பில் அமைந்த குறுகிய பாதை. கூட்டம் மிகுதி என்பதால் அங்கே அழைத்துப் போவதில்லை. பேரிஜம் பக்கம் போகாததற்குக் காரணம் வேறு. அது வனப்பகுதி, வளர்ப்பு நாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயும் செந்நாய்களுக்குப் பரவக்கூடும். எல்லாத் தடுப்பூசிகளும் போட்ட நாய் என்றாலும், அந்த எல்லையை நான் மதிக்கிறேன்.

மழைக்காலத்தில் வட்டக்கானல் பக்கம் ஈர மண்பாதையில் நடந்தால் அட்டைகள் ஏறும். ஒருமுறை அறைக்குத் திரும்பியபின் தரையில் ரத்தப் புள்ளிகளைக் கண்டுதான், விரலிடுக்கில் உப்பியிருந்த அட்டையைக் கவனித்தேன். அதுமுதல் ஒவ்வொரு நடைக்குப் பின்பும் விரலிடுக்கு, காதுமடல், அடிவயிறு மூன்றையும் தடவிப் பார்த்துத் துடைக்கிறேன். சிப்பிப்பாறைக்கு மயிர் குட்டை, உடலில் கொழுப்பும் குறைவு. 2,100 மீட்டர் உயரத்துக் குளிருக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும்.

ஏரியை விட்டால் எங்களுக்குப் பிடித்தது, 1899இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகத்துக்கு ஏறும் சாலைதான். முன்பெல்லாம் செவலை என்னை இழுத்துக்கொண்டு ஏறும். இப்போது ஏழு வயதாகிவிட்டது; பாதி ஏற்றத்தில் நின்று என் முகத்தைப் பார்க்கிறது. சற்று நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அங்கிருந்தே மெதுவாக இறங்கி வருகிறோம்.