சி10 கேபினைத் தூக்க 2 டன் மடக்கு கிரேன் போதுமா?

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 பிக்கப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் புதுப்பிப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களில் பாதிப் பேரின் ஷெட்டில் எஞ்சின் இறக்க வாங்கிய 2 டன் மடக்கு கிரேன் ஒன்று சுவரோரம் சாய்ந்திருக்கும். எஞ்சினையே தூக்குகிறதே, வெறும் கேபின் எம்மாத்திரம் என்ற எண்ணம் வருவது இயல்பு. தூக்கும். தூக்கின பிறகுதான் வம்பு ஆரம்பம்.

முதலில் அந்த 2 டன் கணக்கு. கிரேனின் கையை உள்ளே தள்ளி முதல் துளையில் ஊசி போட்டால்தான் 2 டன். கையை நீட்ட நீட்ட ஒன்றரை, ஒன்று, கடைசித் துளையில் அரை டன், அதாவது 1000 பவுண்டு, சுமார் 450 கிலோ. கதவு, கண்ணாடி, சீட், பெட்ரோல் டேங்க் எல்லாம் கழற்றிய சி10 கேபின் நாலு பேர் மூலைக்கொருவராய் நின்று தூக்கக்கூடிய எடைதான். ஆக, எடையில் கிரேன் தோற்காது. எட்டாமல்தான் தோற்கும்.

முன்பக்கமிருந்து போனால் எஞ்சினைத் தாண்டிக் கேபின் நடுவுக்குக் கை எட்டாது. பின்பக்கமும் அதே கதை. சாமான் ஏற்றும் டெக்கைக் கழற்றிவிட்டாலும் பின் ஆக்சில் குறுக்கே நிற்கும். மிச்சம் இருப்பது பக்கவாட்டு மட்டுமே. குறைந்தபட்ச வீல்பேஸ், அதாவது முன் பின் ஆக்சில்களுக்கு நடுவிலான தூரம், 115 அங்குலம், அதனால் முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவே கிரேனின் கால்கள் தாராளமாக நுழையும். கொக்கி கேபின் நடுவுக்கும் வரும். ஆனால் கூரையே ஏறக்குறைய ஆறடி உயரத்தில் இருக்கிறது. இந்த ரகக் கிரேன்களின் கொக்கி ஏழு, ஏழரை அடியில் நின்றுவிடும். கூரைக்கு மேல் தூக்கும் பெல்ட்டுக்கும் அதை மாட்டும் குறுக்குச் சட்டத்துக்கும் இடம் விட்டால், தூக்க என்ன மிஞ்சும்?

சரி, கதவு வாசல் வழியாகக் கையை உள்ளே விட்டுத் தூக்குவோம் என்பார்கள். இங்கே இரண்டு சிக்கல். கை ஏற ஏற வாசலின் மேல் விளிம்பில் முட்டும். அதைவிட மோசம், கிரேனின் கை நேர்கோட்டில் ஏறாது, வளைந்து ஏறும். மட்டத்தைத் தாண்டியதும் கொக்கி கம்பத்தை நோக்கி உள்ளே வர ஆரம்பிக்கும். கூடவே கேபினும் பக்கவாட்டில் இழுபட்டு, தரைத்தகட்டின் நடு மேடு கியர்பாக்ஸில் உரசும். ஜாக் பிடியின் ஒவ்வொரு நாலைந்து பம்ப்புக்கும் ஒருமுறை கிரேனைக் கொஞ்சம் முன்னே தள்ளிச் சரிசெய்யாமல் வேலை நடக்காது.

எல்லாம் சரியாக நடந்து கேபின் மேலே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சேஸை, அதாவது சக்கரங்களோடு இருக்கும் அடிச்சட்டத்தை, உருட்டி வெளியே எடுக்க முடியாது, கிரேனின் கால்கள் டயர் போகிற வழியில் குறுக்கே கிடக்கின்றன. தொங்கும் கேபினோடு கிரேனைத்தான் பின்னுக்கு இழுக்க வேண்டும். கிரேனின் இரும்புச் சக்கரங்கள் சின்னவை. சிமென்ட் தரையில் ஒரு பட்டாணி அளவு ஜல்லியோ தரை இணைப்புக் கோடோ போதும்: சக்கரம் நிற்கும், கேபின் நிற்காது, ஊஞ்சலாடும். கை முழுசாக நீண்டிருக்கும்போது இந்த ஆட்டம்தான் கிரேனைக் கவிழ்க்கும். கேபின் வேலைக்கு இந்தக் கிரேனுக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண். கதவு, பானட், எஞ்சின் இறக்க எட்டு தாராளமாகக் கொடுக்கலாம்.

அதற்குப் பதில் எது? இரு பக்கமும் காலும் மேலே குறுக்கு உத்திரமும் உள்ள, உயரம் மாற்றக்கூடிய 1 டன் கேன்ட்ரி, அதில் கையால் இழுக்கும் 1 டன் செயின் பிளாக். தினவாடகைக்கும் கிடைக்கும். கால்கள் வண்டிக்கு வெளியே நிற்பதால் கேபினை நேராக மேலே தூக்கி, நிறுத்தி, அடியில் சேஸை உருட்டிவிடலாம். சுமையோடு கேன்ட்ரியை நகர்த்தவே கூடாது, நகர வேண்டியது சேஸ். எலக்ட்ரிக் ஹாய்ஸ்ட் வேண்டாம். பட்டனைத் தொட்டதும் வெடுக்கென்று இழுக்கும், கேபின் வேலையில் கால் அங்குலம் கால் அங்குலமாக ஏற்ற வேண்டியிருக்கும்.

கேன்ட்ரி வாங்கும்போது உள் அகலமும் உயரமும் பாருங்கள். உள் அகலம் எட்டு அடி இருந்தால் நிம்மதி, ஏழுக்குக் கீழே வேண்டாம். உயரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. கூரை ஆறடி, தூக்கும் உயரம் ஒன்றரை அடி, செயின் பிளாக்கும் சட்டமும் பெல்ட்டும் இரண்டு அடிக்கு மேல். ஆக ஒன்பதரை, பத்து அடி. அமெரிக்க வீட்டு கேரேஜ்களில் எட்டடிக் கூரை சகஜம் என்பதால் வெளியே சமமான சிமென்ட் தளத்தில்தான் செய்ய முடியும். டயர் காற்றை இறக்கினால் இரண்டு அங்குலம் மிச்சம்.

சேஸை எந்தப் பக்கம் உருட்டுவது என்பதிலும் உயரம் மிச்சமாகும். முன்னோக்கி உருட்டுங்கள். எஞ்சின் கேபினை விட்டு விலகிப் போய்விடும். கேபினுக்கு அடியில் வருவது கியர்பாக்ஸ் வால், ஷாஃப்ட், பின் ஆக்சில் மேல் சேஸ் வளையும் மேடு மட்டுமே. பின்னோக்கி உருட்டினால் கார்புரேட்டரும் ஏர் கிளீனரும் அடியில் போக வேண்டும், அதற்குக் கூடுதலாக ஒரு அடிக்கு மேல் ஏற்ற வேண்டிவரும்.

இரண்டு தூணும் நாலு கையுமாக வண்டியைத் தூக்கும் டூ போஸ்ட் லிஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. நாலு கையையும் கேபின் சேஸில் உட்காரும் நாலு மவுண்ட் பக்கத்தில் தடித்த கட்டை வைத்துக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. கதவு வாசலுக்குக் கீழே ஓடும் ராக்கர் தகடு துருவில் பொத்துப்போயிருந்தால் மட்டும் கை அதற்குள் இறங்கிவிடும். இன்னும் உள்ளே, தரையின் குறுக்குச் சட்டத்தில் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்காக லிஃப்ட் வாங்குவது வீண் செலவு.

கூடவே விற்கும் சாமான்களில் லோடு லெவலர் காசுக்குத் தகும். கைப்பிடியைச் சுற்றினால் தொங்கும் இடம் முன்னும் பின்னும் நகரும். டேங்கும் சீட்டும் கழன்ற கேபினில் டேஷ்போர்டும் ஹீட்டர் பெட்டியும் முன்னால் இருப்பதால் மூக்கு தாழும். லெவலர் இல்லாவிட்டால் இறக்கி இறக்கிப் பெல்ட்டை மாற்றிக் கட்ட வேண்டும்.

பெல்ட்டைப் பற்றி ஒரு கணக்கு. இரண்டு பெல்ட்டையும் ஒரே கொக்கியில் கூம்பாக மாட்டும்போது, தரை மட்டத்திலிருந்து 60 டிகிரி சாய்வென்றால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் மொத்த எடையில் 0.58 பங்கு. 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றும் முழு எடையையும் சுமக்கும், அதோடு கூரையின் இரு ஓரத்தையும் எடையில் 87 சதவீத விசையோடு உள்பக்கம் நசுக்கும். மழைநீர் ஓடும் விளிம்பு மடங்குவது இதனால்தான். கேபினைவிட அகலமான குறுக்குச் சட்டம் ஒன்றை மேலே வைத்துப் பெல்ட்டுகளைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். கீழே முன்பக்கம் பிடிக்க நல்ல இடம் கதவுக் கீலின் போல்ட் துளைகள்: கால் அங்குலத் தகட்டில் துளை போட்டு அங்கேயே முடுக்கலாம்.

கேபினைச் சேஸோடு பிடிக்கும் மவுண்ட் போல்ட்டுகளின் துருவை இளக்கும் எண்ணெய்களில் டபிள்யூடி-40 நீல டப்பாவை நம்ப வேண்டாம். பெயரே ஈரத்தை விரட்டும் நாற்பதாவது கலவை என்பதுதான். ஐம்பது வருடத் துருவுக்குள் இறங்க பிபி பிளாஸ்டர், க்ரோயில் மாதிரியானவை மேல். மூன்று நாள் முன்பே தொடங்கிக் காலை மாலை அடிக்க வேண்டும். அப்படியும் போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் மேலே நட்டோ போல்ட் தலையோ தகட்டிலிருந்து விட்டுப்போயிருக்கிறது. பூட்டிப் பிடிக்கும் வைஸ் கிரிப் இடுக்கி போட வழியில்லையா, மவுண்ட் ரப்பர் நடுவே முன்னும் பின்னும் ஓடும் ரெசிப்ரோ ரம்பத்தை விட்டு போல்ட்டை அறுத்துவிடுங்கள். ரப்பரும் போல்ட்டும் எப்படியும் புதிதாகத்தான் போடப் போகிறோம். எந்த மூலையில் உயரம் சரிசெய்யும் ஷிம் தகடு எத்தனை இருந்தது என்பதை மட்டும் எழுதி வையுங்கள், திரும்ப மாட்டும்போது கதவு இடைவெளி அதில்தான் இருக்கிறது.

கேஸ் டார்ச்சும் கிரைண்டரும் எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. 1972 வரையான சி10-ல் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்கு உள்ளேயே இருக்கிறது. காலி டேங்க்தான் ஆபத்து, அதில் ஆவி நிறைந்திருக்கும். டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு அப்புறம்தான் தீப்பொறி.

அடுத்து, கேபின் முறுக்கிக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். முன்பக்கத் தகடுகளை எடுக்கும் முன்பே கதவுகளை மூடி நாலு பக்க இடைவெளியையும் அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். பிறகு கதவைக் கழற்றி, ஒரு அங்குலச் சதுரக் குழாயைக் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு மேலும் கீழுமாக இரண்டு, இடது வலது வாசல்களுக்குக் குறுக்கே ஒன்று வெல்டு வையுங்கள். பின்மூலையும் தரையும் அரித்த கேபினை முட்டில்லாமல் தூக்கினால் வாசல் விரிந்து, பிறகு கதவு பூட்டவே பூட்டாது.

கழற்ற வேண்டியவற்றில் ஸ்டீயரிங் இணைப்பு, பிரேக் குழாய், ஹீட்டர் ஹோஸ், கிளட்ச் கம்பி, ஆக்சிலரேட்டர் ஆகியவை யாருக்கும் மறக்காது. மறப்பது மூன்று: எஞ்சின் பின்னாலிருந்து கேபினின் முன்சுவரான ஃபயர்வாலுக்கு வரும் பின்னல் எர்த் ஒயர், ஸ்பீடோமீட்டர் கேபிள், கால் பார்க்கிங் பிரேக்கின் கேபிள். அதனால் எந்தக் கருவி ஆனாலும் முதலில் இரண்டு அங்குலம் மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். டார்ச் லைட்டோடு பக்கவாட்டிலிருந்து சுற்றிப் பாருங்கள். தொங்கும் கேபினுக்கு அடியில் தலையை விடவே கூடாது. விறைத்து நிற்கும் ஒயர் ஏதாவது கண்ணில் படும், அதைக் கழற்றியபின் மேலே போகலாம்.

கிரேன் ஏற்கெனவே கையில் இருந்து, கேன்ட்ரிக்கு வழியே இல்லை என்றால், நாலு பேரைக் கூப்பிட்டுக் கையால் தூக்குவதே மேல். ஐந்தாவது ஆள் சேஸை முன்னே தள்ள, கேபினை இறக்க மவுண்ட் இடங்களுக்கு நேராகக் கட்டை அடித்த சக்கர மேடை ஒன்று பின்னால் தயாராக இருக்க வேண்டும்.