ஸ்கேனரா, பஃபர்டு ரீடரா? ஒரு கமா தீர்த்துவைத்த வழக்கு

கடலூர் முதுநகரில் சித்தப்பாவுக்கு முந்திரி வியாபாரம். பண்ருட்டியிலிருந்து வரும் சரக்குக்குக் கணக்கு வைக்க ஜாவாவில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கேட்கும், அவர் எண்ணைத் தட்டவேண்டும். தட்டுவதைப் படிக்க ஜாவாவில் ஸ்கேனர், பஃபர்டு ரீடர் என்று இரண்டு கருவிகள் உண்டு. முதலில் ஸ்கேனரில் எழுதினேன், இப்போது பஃபர்டு ரீடரில் ஓடுகிறது. நான் எந்தக் கட்சி என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

ஸ்கேனர் எழுத லேசு. 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது. நெக்ஸ்ட்இன்ட் என்று போட்டால் எண் கையில். அதற்குப் பின் முழு வரியைப் படிக்கும் நெக்ஸ்ட்லைன் போட்டால் மிச்சமிருக்கும் என்டரை எடுத்துக்கொண்டு வெற்று வரி தருவது லேபில் எல்லோரும் பட்டதுதான், விடுங்கள்.

என்னை மாற்றியது வேறு. சித்தப்பா கமா போட்டுத்தான் தொகையைத் தட்டுவார். 1,200 என்றபோது ஸ்கேனர் பேசாமல் வாங்கிக்கொண்டது. 1,20,000 என்றதும் முரண்டு பிடித்தது. மும்மூன்று இலக்கமாகப் பிரிக்கும் கமாதான் அதற்குத் தெரியும், நம் லட்சக் கணக்கு தெரியாது. அப்போது அது வீசும் எக்ஸெப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பைப் பிடித்து, ‘மறுபடி தட்டவும்’ என்று திரும்பத் திரும்பக் கேட்க லூப் போட்டிருந்தேன். ஆனால் தனக்குப் பிடிக்காததை ஸ்கேனர் விழுங்குவதில்லை, வாசலிலேயே வைத்திருக்கும். லூப் திரும்பி வந்து அதையே படிக்கும், மறுபடி தள்ளும். திரை நிற்காமல் ஓடியது. “என்னடா, நான் தட்டுறதுக்கு முன்னாடியே திட்டுது?” என்றார்.

பஃபர்டு ரீடரின் ரீட்லைன் வரியை முழுசாக எடுத்துவிடும். கமாவை நீக்கி, ஓரத்து இடைவெளிகளை ட்ரிம் செய்து, எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டிடம் கொடுக்கிறேன். அது கறார், முன்னால் ஓர் இடைவெளி இருந்தாலும் ஒப்பாது. ஆனால் கெட்ட வரி அதற்குள் வெளியே வந்துவிட்டது, லூப் நிஜமாகவே அடுத்த வரிக்குக் காத்திருக்கும். (ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துச் சரத்தில், ௧௨ என்று தமிழ் எண்ணையே கொடுத்துப் பார்த்தேன், 12 என்று வாங்கிக்கொண்டது. சித்தப்பாவுக்கு அதில் ஆர்வமில்லை.)

தொல்லையும் உண்டு: படிக்கும்போது வரக்கூடிய ஐஓ எக்ஸெப்ஷனுக்கு வழி சொல்லாமல் கம்பைல் ஆகாது, உள்ளீடு தீர்ந்தால் நல் (null, அதாவது ‘ஒன்றுமில்லை’) வரும். வேகத்தில் பஃபர்டு ரீடர்தான் மேல் என்பார்கள். நாளைக்கு முப்பது பில் போடும் கடையில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

ஸ்கேனரை விட மனமில்லையா? நெக்ஸ்ட்லைனில் வரியை எடுத்துப் பார்ஸ்இன்ட்டுக்குக் கொடுங்கள், கிட்டத்தட்ட அதே பலன். எதில் படித்தாலும் இன்ட் என்ற முழு எண் வகை 2147483647-க்கு மேல் தாங்காது. போன வாரம் தொகை கேட்ட இடத்தில் சித்தப்பா யாரோ ஒருவரின் செல் நம்பரைத் தட்டிவிட்டார். ‘மறுபடி தட்டவும்’ என்று ஒரே ஒரு முறைதான் வந்தது.