நாய்க்கு சுகர், இன்சுலின் எத்தன யூனிட்ல ஆரம்பிக்கறது? எங்க ஜூலியோட அனுபவம்

எங்க லேப்ரடார் நாய் ஜூலிக்கு சுகர்னு தெரிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, காலைல ஒரு ஊசி சாயங்காலம் ஒரு ஊசி, இப்ப வீட்ல எல்லாருக்கும் பழகிடுச்சு. புதுசா சுகர்னு தெரிஞ்ச வீட்ல முதல்ல கேக்கறது "எத்தன யூனிட் போடணும்"ங்கறதத்தான். இத்தன நாள் போட்டுப் பாத்துட்டு சொல்றேன், முதல் டோஸ கம்மியா ஆபத்தில்லாம ஆரம்பிக்கணும், சரியான டோஸ வாரக்கணக்குல தேடித்தான் புடிக்கணும், அவசரப்பட்டு ஏத்தினா நாய் உயிருக்கே வினையாயிடும்.

அவளுக்கு அப்ப எட்டு வயசு, 28 கிலோ. குண்டான் குண்டானா தண்ணி குடிக்கறது, ராத்திரில வீட்டுக்குள்ளயே யூரின் போறது, நல்லா சாப்ட்டும் எடை இறங்கிட்டே இருந்தது. ரத்தத்துல சுகர் 400க்கு மேல, யூரின்லயும் சுகர், நல்லவேளையா கீட்டோன் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்ப எரிக்கும்போது சேர்ற அமிலம்) இல்ல. கீட்டோன் இருந்து வாந்தி எடுத்துகிட்டு சாப்பிடாம கிடந்தா அது வீட்ல வச்சு பாக்கற விஷயமே இல்லங்க, உடனே அட்மிட் பண்ணிடணும்.

டாக்டர் போட்ட கணக்கு சிம்பிள். ஒரு கிலோவுக்கு கால் யூனிட், ஆக 28 கிலோவுக்கு 7 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவ, சாப்பாடு முடிஞ்ச உடனே. கிலோவுக்கு அரை யூனிட் வரைக்கும் ஆரம்பிக்கற டாக்டர்களும் உண்டு, ஆனா கீழ் எல்லைல ஆரம்பிச்சதுதான் எங்களுக்கு நிம்மதியா இருந்தது. எங்க அப்பாவும் இன்சுலின் போடறவர், "எனக்கே 20 யூனிட், இந்த உருப்படிக்கு 7 எந்த மூலைக்குப்பா"ன்னு கேட்டார். அவர் டோஸுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல, சுகர் ரெண்டு நாள் ஏறி நின்னா நாய் தாங்கும், ஒரு மணி நேரம் ரொம்ப கீழ போனா தாங்காது.

அப்பாவோட இன்சுலின்னு சொன்னதும் ஒண்ணு கண்டிப்பா எழுதணும். நம்ம மெடிக்கல்ல கிடைக்கற என்பிஎச் (பால் மாதிரி கலங்கலா இருக்கற ஒரு வகை இன்சுலின்) குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவுக்குள்ள போடற கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. அவசரத்துக்கு கார்ட்ரிட்ஜ்ல இருந்து சிவப்பு மூடி சிரிஞ்ச்ல 7 கோடு வரைக்கும் உறிஞ்சினா உள்ள போறது 7 இல்ல, பதினேழரை யூனிட்! எங்க வீட்ல ஃப்ரிட்ஜ்ல ரெண்டு பேரோடதும் தனித்தனி டப்பா, ஜூலி டப்பாக்குள்ளயே அவ சிரிஞ்சும் இருக்கும்.

நாய்க்குன்னே வர்ற கேனின்சுலின் பன்றி இன்சுலின், நாயோட இன்சுலினும் அதுவும் ஒரே அமைப்பு. நாங்க கேட்ட கடைகள்ல அது இல்ல, அதனால மனுஷங்களுக்கான என்பிஎச்சே போட்டோம், அவளுக்கு நல்லாவே கேட்டுச்சு. குப்பிய குலுக்காம ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல மெதுவா உருட்டி, கலங்கல் ஒரே சீரா பால் மாதிரி ஆனதும்தான் எடுப்போம். தெறந்த தேதிய குப்பிலயே எழுதி ஒட்டிடுவோம், ஒரு மாசம் தாண்டினா மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுடறது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். முதல் நாள் ரீடிங் 350, 400னு நின்னா பயந்து டோஸ ஏத்தக் கூடாது, உடம்பு அந்த டோஸுக்கு செட் ஆகவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும். முதல் நாள் பாக்கறது சுகர் ரொம்ப இறங்குதான்னு மட்டும்தான். அப்புறம் ஒரு நாள் முழுக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ சுகர் பாத்து கர்வ் போடணும், அதாவது சுகர் எப்படி ஏறி இறங்குதுன்னு குறிச்சு வைக்கணும். காது மடல உள்பக்கமா கையால தேய்ச்சு சூடாக்கிட்டு ஓரத்துல ஒரு குத்து, ஒரு துளி போதும், ஜூலி தூங்கிகிட்டே குடுப்பா. எங்களோட முதல் கர்வ்ல காலைல 412, மத்தியானம் ஒரு மணிக்கு 221, ராத்திரி ஏழுக்கு 390. டாக்டர் பாத்தது அந்த 221ஐத்தான், அதாவது நாளோட அடிமட்டம். அது 80ல இருந்து 150க்குள்ள வரணும், அதுக்காக ஒரு யூனிட் ஏத்தி 8, மறுபடி காத்திருந்து கர்வ், அப்புறம் 9, அப்புறம் 10ல 118 வந்து நின்னுச்சு. தண்ணி குடிக்கறதும் பழையபடி ஆச்சு, எடையும் ஏற ஆரம்பிச்சுது.

காலை ரீடிங்க மட்டும் பாத்து டோஸ ஏத்தறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. டோஸ் ஜாஸ்தியாகி நடுவுல சுகர் பாதாளத்துக்கு போனா உடம்பு தானா சுகர எடுத்து விடும், காலைல மீட்டர்ல 450 காட்டும், நீங்க பத்தலன்னு இன்னும் ஏத்துவீங்க. கர்வ் இல்லாம இத கண்டுபிடிக்கவே முடியாது. மனுஷங்க மீட்டர் நாய் ரத்தத்துல பொதுவா கொஞ்சம் கம்மியா காட்டும்ங்கறதையும் டாக்டர் கணக்குல எடுத்துப்பார். கழுத்துல முடிய வழிச்சு விடாம சுகர அளந்துகிட்டே இருக்கற ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரும் ஒட்டிப் பாத்தோம், ராத்திரி என்ன நடக்குதுன்னு தெரிய அத விட நல்லது கிடையாது, ஆனா சென்னை வெயிலுக்கு முழுசா ரெண்டு வாரம் ஒட்டிகிட்டு நிக்கல.

பொட்ட நாயா இருந்தா இன்னொரு விஷயம். எல்லாம் செட் ஆனப்புறம் ஜூலி ஹீட்டுக்கு (இனப்பெருக்க பருவத்துக்கு) வந்தா, அதுக்கப்புறம் 12 யூனிட் போட்டும் சுகர் கேக்கவே இல்ல. ஹீட் முடிஞ்சு ரெண்டு மாசம் வரைக்கும் புரொஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன் ஏறி இருக்கும், அது இன்சுலின வேலை செய்ய விடாது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரில கருப்பையையும் சினைப்பையையும் எடுக்கற ஆபரேஷன் பண்ணினோம், அப்புறம் தேவை சரசரன்னு இறங்கி 8க்கு வந்துடுச்சு. ஆபரேஷன் முடிஞ்ச வாரம் பழைய டோஸையே போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே பதறுது, தினம் டாக்டர்கிட்ட ரீடிங் சொல்லி சொல்லித்தான் குறைச்சோம். பல்லுல சீழ், யூரின் இன்ஃபெக்ஷன் வந்தாலும் இதே மாதிரி சுகர் எகிறும், அப்ப இன்ஃபெக்ஷன சரி பண்ணாம டோஸ மட்டும் ஏத்தி பிரயோஜனம் இல்ல.

சாப்பாடு தினம் ஒரே நேரம், ஒரே அளவு. சாப்பிடலன்னா முழு டோஸ் போடறதே இல்ல, பாதி போடறதா விடறதான்னு போன் பண்ணி கேட்டுப்போம். பின்னங்கால் தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, பேர் சொல்லி கூப்ட்டா திரும்பாம வெறிச்சு பாத்தாலோ மீட்டர தேடாம முதல்ல ஈறுல தேன தடவுங்க, அப்புறம் ஆஸ்பத்திரி. வலிப்பு வந்தா வாய்ல எதையும் ஊத்தக் கூடாது, புரை ஏறிடும்.

கண்ணுல புரை மட்டும் தடுக்க முடியல, சுகர் வந்த நாய்ங்க முக்கால்வாசிக்கு வருஷத்துக்குள்ள வந்துடுமாம், ஜூலிக்கும் வந்துடுச்சு.

சின்ன நாய் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. பக்கத்து வீட்டு ஸ்பிட்ஸ் 8 கிலோ, அதுக்கு ஆரம்பம் வெறும் 2 யூனிட். அதுல ஒரு யூனிட் ஏத்தினா பாதி டோஸ் ஏத்தின மாதிரி, அதனால அவங்க டாக்டர் அரை அரையாத்தான் ஏத்தறார். 40 யூனிட் சிரிஞ்ச்ல ஒரு கோடு ஒரு யூனிட், ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிறுத்தணும், ட்யூப்லைட்டுக்கு நேரா கண் மட்டத்துல புடிச்சு, காத்துக் குமிழிய தட்டி எடுத்துட்டு, அப்புறம் பாருங்க.