கோழிக்கூட்டுக்குக் காற்று: பெரிய ஜன்னலா, கூரையடித் திறப்பா?

கூடு கட்ட உட்காரும்போது எல்லாருக்கும் முதலில் ஜன்னல்தான் ஞாபகம் வரும். நானும் பக்கச் சுவரில் மார்பு உயரத்துக்குப் பெரிய ஜன்னல் ஒன்று வைத்து, வலை அடித்து, பலகைக் கதவும் போட்டேன். பகலில் உள்ளே போய் நின்றால் சுகமாக இருந்தது. மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறதே என்று ராத்திரியில் கதவைச் சாத்த ஆரம்பித்தேன். நாலைந்து நாளில், விடியற்காலை கூட்டைத் திறந்ததும் நெடி கண்ணைக் கரித்தது. கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் தடவினேன், உள்ளங்கை முழுக்க ஈரம். ஒரு பெட்டைக்குக் கண்ணில் நுரை கட்டி இமை ஒட்டிக் கிடந்தது.

அந்த ஜன்னல் எனக்காக வைத்த ஜன்னல். நான் நிற்கிற உயரத்துக்கு, நான் இருக்கிற நேரத்துக்கு. கோழிக்குக் காற்று தேவைப்படுவது ராத்திரி, தூங்குவதற்காகக் குறுக்கே கட்டிய கழியில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது. எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம் வந்துகொண்டே இருக்கும். தரையில் பரப்பிய கூளம் நனைந்தால் அதிலிருந்து அம்மோனியா என்ற நெடி வாயு கிளம்பும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கு என்ற அளவைத் தாண்டினாலே கண்ணும் மூச்சுக்குழாயும் பாதிக்கப்படும்.

இப்போது கூரையடித் திறப்பைப் பார்ப்போம். சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில், இறவாரத்துக்குக் கீழே, எதிரெதிர் பக்கங்களில் நீளவாக்கில் விடுகிற இடைவெளி இது. கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். அது சூடாக்கும் காற்று ஈரத்தையும் நெடியையும் தூக்கிக்கொண்டு மேலே போகும். மேலே வழி இருந்தால் வெளியேறிவிடும். இல்லையென்றால் தகரத்தில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கூளத்திலேயே விழும். இந்தத் திறப்பு கழியில் உட்காரும் கோழியின் தலைக்கு மேலே ஓர் அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று தலைக்கு மேலே போகும், உடம்பில் அடிக்காது. குளிர் நாளில் கோழி இறகைப் புடைத்து உள்ளே சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். கழி மட்டத்தில் ஜன்னல் இருந்தால் அந்த இறகை ஊதல் காற்று கலைத்துவிடும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைப்பது இன்னும் மோசம். உறைபனி விழும் இடங்களில் கொண்டை கருகுவதற்குக் குளிரோடு சேர்ந்த ஈரமும் பெரிய காரணம்.

அப்படியானால் ஜன்னலே வேண்டாமா? வேண்டும், ஆனால் வெயில் காலத்துக்கு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. 30 டிகிரி தாண்டினால் வாயைத் திறந்து மூச்சிரைக்க ஆரம்பிக்கும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும். ரொம்ப மூச்சிரைத்தால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, முட்டை ஓடு மெலிந்துபோகும். வெயில் கால ராத்திரிகளில் காற்று உடம்பில் பட்டால்தான் அதற்கு ஆறுதல். அதனால் கழி மட்டத்திலும் அதற்குக் கீழேயும் அகலமான ஜன்னல் வைத்து, கதவும் போடுங்கள். கூரையடித் திறப்புக்கு மட்டும் கதவே போடாதீர்கள். கதவு இருந்தால் ஒருநாள் சாத்தத் தோன்றும்.

ஒரு பக்கம் பெரிய ஜன்னலா, எதிரெதிராகச் சின்னது இரண்டா என்று கேட்டால், இரண்டுதான். ஒரு கயிற்று நுனியைப் பற்றவைத்து ஊதி அணைத்து, புகையும்போது கூட்டுக்குள் பிடித்துப் பாருங்கள். ஒரே ஜன்னல் உள்ள கூட்டில் புகை மூலையில் போய்ச் சுருண்டு நிற்கும். எதிர்ச்சுவரில் ஒரு பலகையைக் கழற்றினால், இழுத்த மாதிரி நீண்டு வெளியே போகும். எனக்கு இதைப் பார்த்த பிறகுதான் புத்தியில் உறைத்தது.

கூரையின் உச்சியில் விடுகிற முகட்டுத் திறப்பு உயரமான பெரிய கொட்டகைக்கு நல்லது. ஆளுயரம்கூட இல்லாத சின்னக் கூட்டில் அதனால் கிடைக்கிற லாபத்தைவிட ஒழுகும் தொல்லைதான் அதிகம். ஒரு பக்கம் சரிந்த கூரை போட்டு, உயரமான பக்கத்தில் திறப்பைப் பெரிதாக விட்டாலே அந்த வேலை நடந்துவிடும்.

முன்பக்கம் முழுக்க வலையாக விட்டு மற்ற மூன்று பக்கமும் சுவர் எழுப்புவதும் நல்ல அமைப்புதான். கூடு ஆழமாக இருக்க வேண்டும், கழி பின்சுவரை ஒட்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆழம் குறைந்த கூட்டில் சாரல் நேராகக் கோழிமேல் அடிக்கும். வெப்பமான பகுதி என்றால் கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவரில் பட்டுப் போய்விடும்.

எந்தத் திறப்பானாலும் அரை அங்குலக் கண்ணுள்ள, வெல்டிங் செய்த கம்பிவலைதான் போட வேண்டும். மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், நாயைத் தடுக்காது. அளவுக்குக் கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி நிரந்தரத் திறப்பு என்று பல வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். நானும் அதையே வைத்தேன்.

பழைய கூட்டை இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் மேல் பலகையை எடுத்துவிட்டு வலை அடித்தேன், இறவாரத்தை ஒரு முழம் நீட்டினேன், கழியைத் தாழ்த்தினேன். அடுத்த மழையில் விடியற்காலை போய், கழி மட்டத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். கூளத்தின் வாசனை மட்டும் வந்தது. தகரம் காய்ந்திருந்தது.