சுங்கை சிப்புட்டில் தொட்டி கழுவும் சேவை: தொட்டி பளிச், குழாய் பாக்கி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தாமான் (குடியிருப்பு) வீடு, தோட்டத்து வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் வந்து, கூரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைக் கழுவித் தருகிறார்கள் இந்தச் சேவையை நடத்தும் இருவர். 200 கேலன் பிளாஸ்டிக் தொட்டிக்கு 180 ரிங்கிட். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் ஒரு வேலையை வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

தேய்ப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரை வடித்து, நைலான் பிரஷால் சுவரைத் தேய்த்து, அடியில் தேங்கிய தேநீர் நிறக் கலங்கலை உறிஞ்சி எடுத்த பிறகுதான் குளோரினைத் தொடுகிறார்கள். இந்த வரிசைதான் உயிர்நாடி. தொட்டிச் சுவரில் விரல் வழுக்குகிறதே, அது பாக்டீரியா தானே சுரந்த பசைக்குள் குடியிருக்கும் படலம். தேய்க்காமல் குளோரின் ஊற்றினால், அது மேல் அடுக்கிலேயே தீர்ந்துவிடும். உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். கம்பி பிரஷ் வைத்துக்கொள்ளாததும் நல்லது. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் படலம் சுலபமாகப் பிடிக்கும். பலர் மறந்துவிடும் மிதவைப் பந்தின் அடிப்பக்கத்தையும் துடைக்கிறார்கள்.

மருந்தளவில்தான் அலட்சியம். எந்தத் தொட்டிக்கும் ஒரே போத்தல் பிளீச். 200 கேலன் என்றால் சுமார் 900 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் சேர 45 கிராம் வேண்டும்; 5 சதவீத பிளீச்சில் அது 900 மில்லிலிட்டர். 400 கேலனுக்கு இரட்டிப்பு. வெக்கையில் நாள்பட்டுக் கிடந்த போத்தலுக்கு வீரியம் குறைவு. வாசனை கலந்தது வேண்டாம். கழிவறை ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. கலந்தால் நச்சு வாயு.

பெரிய குறை இதுதான்: ஒரு மணி நேரம் ஊறிய குளோரின் தண்ணீரை அடி அடைப்பைத் திறந்து நேராகச் சாக்கடைக்கு விட்டுவிடுகிறார்கள். வீட்டுக் குழாய்களுக்குள் ஒரு சொட்டும் போவதில்லை. 15 மில்லிமீட்டர் குழாயில் ஒரு லிட்டர் தண்ணீர் கால் சதுர மீட்டருக்கு மேல் சுவரைத் தொடுகிறது. தொட்டியிலோ அதில் மிகச் சிறு பங்குதான். படலத்துக்கு இடம் அதிகம் குழாயில்தான். ஆகவே மருந்து கலந்ததும், தொட்டிக்கு அருகிலுள்ள குழாயில் தொடங்கி ஒவ்வொன்றாக, குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடச் சொல்லுங்கள், ஷவரையும் சேர்த்து. தொட்டியும் குழாயும் ஒன்றாக ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு வடித்து, புதுத் தண்ணீரால் எல்லாக் குழாயையும் அலச வேண்டும். அதுவரை யாரும் குளிக்கக்கூடாது.

"சமையலறைக் குழாய் தொட்டிக்குப் போகாத நேர் லைன்தானே, தொட்டித் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?" என்பார்கள் சிலர். ஆனால் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா நுரையீரலுக்குப் போவது பெரும்பாலும் ஷவர் போன்றவற்றிலிருந்து தெறிக்கும் நுண்துளியை மூச்சில் இழுப்பதால். 20 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பில் அது பெருகும். தகரக் கூரைக்கடியில் தொட்டித் தண்ணீர் அந்தச் சூட்டில்தான் நிற்கிறது.

கடைசிச் சோதனைக்கு இவர்கள் கொண்டுவருவது நீச்சல்குளத்தில் பயன்படும், தண்ணீரை மஞ்சளாக்கும் சோதனைச் சொட்டு. அது வேறு பொருளோடு சேர்ந்து வீரியம் குறைந்ததையும் சேர்த்து மொத்தக் குளோரினைத்தான் காட்டும். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி மாத்திரையை வாங்கி வைத்திருந்தால், கிருமியைக் கொல்லும் தனிக் குளோரின் எவ்வளவு என்று தெரியும்; தூரத்துக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குழாய் வேலையை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள், கூடுதல் காசும் கேட்பதில்லை.