நன்றிக் கடிதமா, ராத்திரி நோட்டா?

மனசு சோர்ந்து கிடக்கிறது, எதில் தொடங்கலாம் என்று காட்பாடித் தம்பி ஒருவன் கேட்டான். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இரண்டு பயிற்சிகள்: ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுப்பது, ராத்திரி ஒரு நோட்டில் அன்றைய நல்லதை எழுதுவது.

செலவு: கடிதத்துக்குக் குடியாத்தம் வரை பஸ் டிக்கெட், ஏனென்றால் நன்றி சொல்லாமல் விட்ட டீச்சரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.
நோட்டுக்கு ஒரு பேனா.

வேகம்: கடிதம் உடனே நெஞ்சை நிறைக்கும்.
நோட்டில் ஒரு வாரம், தினமும் நல்லதாக நடந்த மூன்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுத வேண்டும் (வேலூர்க் கோட்டை அகழி ஓரம் காற்று வாங்கியதுகூடச் சேரும்). பலன் தெரிய ஒரு மாதம் ஆகலாம்.

நீடிப்பு: கடிதத்தின் பலன் ஒரு மாதம்.
நோட்டின் பலன் ஆறு மாதம், அதுவும் விடாமல் எழுதியவர்களுக்கே அதிகம்.

சொல்லாத நன்றி உறுத்தினால் கடிதம், மற்றபடி நோட்டுதான். தூக்கமே போய்விட்டது என்றால் இரண்டும் அப்புறம், முதலில் வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனை மனநல மையத்துக்குப் போ தம்பி.