கோல்குடியின் மந்திரக்கோல்: எந்த மரத்தில் வாங்கலாம்?

மட்டக்களப்பில், கல்லடிப் பக்கத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் செய்து விற்கும் மந்திரக்கோல் இது. நீளம் 33 சென்ரிமீற்றர். பிடியின் அடியில் 18 மில்லிமீற்றர் தடிப்பு, நுனியில் 7. பூவரசு, முதிரை, பாலை என்று மூன்று மரங்களில் கிடைக்கிறது. கோலோடு ஒரு துணியுறையும் பன்னிரண்டு பக்கக் கைநூல் ஒன்றும் வரும். பூவரசுக் கோல் 2,800 ரூபாய், மற்ற இரண்டும் 3,600. பள்ளிக்கூட நாடகத்துக்கோ பிள்ளையின் பிறந்தநாளுக்கோ வாங்குபவர்கள் பூவரசையே எடுங்கள்.

முதலில் கைநூல். கோல் செய்வதையே தொழிலாகக் கொண்ட 'கோல்குடி' என்றொரு குடியைக் கற்பனை செய்து, அவர்களுடைய வழமைகளை எழுதியிருக்கிறார்கள். கற்பனை என்று முதற் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பது நல்ல காரியம். மட்டக்களப்பில் நம்முடைய குடிமுறை தாய்வழி. அதனால் இந்தக் கதையிலும் உளி தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மருமகன் மரம் பிளக்கலாம், கடையக்கூடாது. மரம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெட்டப்பட்டு, தோணியில் வாவி கடந்து, கிழக்கே எழுவான்கரையில் கோலாகிறது. மேல்நாட்டு மந்திரவாதிக் கதைகளின் கூர்த்தொப்பியும் கோபுரமும் எங்குமே இல்லை. இந்த மண்ணில் வளர்ந்த கை எழுதியது என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

வழமைகளில் பல, மரவேலை தெரிந்தவர் யோசித்து வைத்தவை. 'ஒரு மாரியும் ஒரு கச்சானும் காணாத மரத்தில் உளி வைக்காதே' என்பது ஒன்று. மாரியில் கடைந்த ஈரமரம், கச்சான் காற்று வீசும் மாதங்களில் காயும்போது வளையும். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்கும்; அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அல்ல. முனைகளின் வழியே ஈரம் வேகமாக வெளியேறுவதால் அங்கேதான் முதல் வெடிப்பு விழும். ஆகவே பிளந்த துண்டின் இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, நிறை குறைவது நின்ற பிறகே கடைசலுக்கு எடுக்கலாம். வாங்குபவர் செய்யக்கூடிய சோதனை சுலபம்: கண்ணாடி மேசையில் கோலை உருட்டுங்கள். நுனி எழுந்தெழுந்து தட்டினால் வேறு கோல் கேளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை கைநூலின் மிகச் சிறந்த பக்கம் 'மரம் கேட்டல்'. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைக் கேட்கப் போகிறவர்கள், துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் காது வைப்பார்கள். நீருக்குள் எழும் ஒலி மரத்தின் வழியே தெளிவாக ஏறி வரும். 1848இல் இங்கு வந்த பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட், அந்த ஒலியை மீனவர்கள் ஊரியின், அதாவது நத்தைச் சங்கின், அழுகை என்று சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார். இதையெல்லாம் கோல்குடி தன் வழமையாக்கிக்கொள்கிறது: குடியின் மூத்த பெண் மரத்துண்டின் ஒரு முனையில் காது வைக்க, மறுமுனையை இன்னொருவர் நகத்தால் சுரண்ட வேண்டும். 'பாடினால் கோல், பாடாவிட்டால் விறகு.' கற்பனைதான், ஆனால் செய்து பார்த்தால் பலிக்கிறது. இழை அறாத நல்ல மரத்தில் மெல்லிய சுரண்டல்கூடத் துல்லியமாகக் கேட்கும். உள்வெடிப்போ உளுப்போ இருந்தால் ஒலி மங்கிப் போகும். கடைந்து முடித்த கோலிலும் இதே சோதனையைச் செய்யலாம். கூடவே இழையையும் பாருங்கள். பட்டறையில் துண்டுகளை வாளால் அரியாமல் கோடரியால் பிளப்பதால் இழை பெரும்பாலும் அடியிலிருந்து நுனிவரை ஓடுகிறது. நுனியை ஒட்டிய 10 சென்ரிமீற்றருக்குள் இழைக்கோடு பக்கவாட்டில் வெளியேறியிருந்தால், அந்த இடத்தில்தான் கோல் முறியும்.

அந்த ஊரியின் நினைவாகத்தான் பிடியின் அடியில் 10 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு துளையிட்டு, உள்ளே சிறு ஊரி ஒன்றைப் போட்டு, மர அடைப்பு வைத்து அரக்கால் மூடியிருக்கிறார்கள். அசைத்தால் மெல்லக் கலகலக்கும். பிள்ளைகள் மயங்குவது இதற்குத்தான். பழுது வருவதும் இதிலேதான். துளை சரியாக நடுவில் இருந்தால் சுற்றிலும் 4 மில்லிமீற்றர் மரம் மிஞ்சும். துளையூசி சற்று விலகினாலும் ஒரு பக்கம் 2 மில்லிமீற்றராகிவிடுகிறது. பிடி சுருங்கும்போது அடைப்பு விட்டுக்கொடுக்காவிட்டால் அந்த மெல்லிய பக்கம் இழையோடு பிளக்கும். பார்த்த முதிரைக் கோல்களில் இரண்டில் அப்படி மயிர்வெடிப்பு இருந்தது. அடியைத் திருப்பி, அடைப்பு நடுவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அரக்கு நொறுங்கும் தன்மையுள்ளது. சீமெந்துத் தரையில் அடிப்பக்கமாக விழுந்தால் அடைப்பு கழன்று ஊரி வெளியே வரும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இந்தக் கோலைக் கொடுக்க வேண்டாம், ஊரியை வாயில் போட்டுவிடுவார்கள்.

பூவரசுக் கோல் ஏறக்குறைய 30 கிராம். பாலை தண்ணீரில் தாழும் மரம், அதே அளவுக் கோல் 45 கிராமைத் தாண்டும். நிறைமையம் எல்லாவற்றிலும் அடியிலிருந்து சுமார் 12 சென்ரிமீற்றரில், பிடித்த கைக்குச் சற்று முன்னால் விழுகிறது, நல்ல கணக்கு. ஆனாலும் ஒரு மணித்தியாலம் மேடையில் வீசி ஆடுகிற பிள்ளைக்குப் பாலை கனம். முதிரை பொன்னிறமாக மினுங்கும், அழகுக்கு அதுதான். ஆனால் அதன் இழை முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடப்பதால் உளி மொட்டையானால் பிய்த்துக்கொண்டு வரும்; பிடியின் வளையங்களுக்குக் கீழே அந்தப் பிய்ச்சல் தெரிகிறது. வீட்டில் நீங்களே தேய்த்துச் சரிப்படுத்தப் போனால் முகக்கவசம் போடுங்கள், முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். பூவரசு கடைசலுக்கு இசைந்து கொடுக்கும் மரம், கருஞ்சிவப்பு வைரம் (நடுமரம்), கைக்கு இதமான நிறை.

மெருகு அரக்குத்தான். கோல் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் உருகிப் படிகிறது. மாத்தளையின் அரக்கு வேலை போலப் பல நிறம் இல்லை, ஒரே தேன் நிறம். பிடியின் கறுப்புக் கோடுகள் சாயமல்ல, சுழலும் மரத்தில் கம்பியை அழுத்திக் கருக்கியவை; அழியாது. அரக்கு மதுசாரத்தில் கரையும். ஆகவே கைத் தொற்றுநீக்கி பூசிய ஈரக் கையோடு கோலைப் பிடித்தால் பிடி பிசுபிசுத்து வெளுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, எப்போதாவது கொஞ்சம் தேன்மெழுகு பூசினால் போதும்.

கைநூலில் ஒரு வழமையை மட்டும் பின்பற்றாதீர்கள். பௌர்ணமிதோறும் கோலை வாவி நீரில் தோய்த்தெடுக்கச் சொல்கிறது. வாவி நீர் உவர். உப்பு இழைக்குள் தங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும், அரக்கும் பால்போல வெளுக்கும். இதை எழுதியவருக்கு ஒரு யோசனை: தோய்த்தலை மெருகுக்கு முன்னால் கொண்டுபோங்கள். தேய்த்து முடித்த மரத்தை நல்ல தண்ணீரால் ஒருமுறை நனைத்தால் படிந்த நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்ததும் 400ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் மெல்லத் தேய்த்து, பிறகு அரக்குப் போட்டால் பிடி வழுவழுப்பாக நிற்கும். இப்போதைய கோல்களில் இரண்டு மழை நாள் போனதும் பிடி லேசாகச் சொரசொரப்பதற்குக் காரணம், அந்த ஒரு படி விடுபட்டதுதான்.

துணியுறை சாதாரணம், வாய்க்கயிறு கட்டையாக இருக்கிறது. கோலை நிமிர்த்திச் சுவரில் சாய்க்காமல், உறையோடு படுக்க வையுங்கள்.